நூறைத் தொட எத்தனை நொடி என்கிறீர்கள், நிற்க எத்தனை மீட்டர்?

மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு, குறிப்பாகச் செயலியில் என்ன இருக்க வேண்டும், விளம்பரத்தில் என்ன காட்ட வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் அண்மையில் தன் பைக்குகளோடு இணையும் செயலியைப் புதுப்பித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தியதும் மூன்று எண்கள் பெரிதாக வருகின்றன. தொட்ட உச்ச வேகம், பூஜ்யத்திலிருந்து மணிக்கு நூறு கி.மீ. வேகத்தைத் தொட எடுத்த நொடிகள், வளைவில் அதிகபட்சமாகச் சாய்ந்த கோணம். அத்தோடு விட்டிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். மூன்றுக்கும் தரவரிசைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நண்பர்களுக்குள் எத்தனையாவது இடம், ஊருக்குள் எத்தனையாவது இடம் என்று காட்டுகிறது. யாராவது முந்திவிட்டால் உடனே கைபேசிக்கு அறிவிப்பு வருகிறது. அந்த வேகம் பந்தய டிராக்கில் எடுத்ததா, பள்ளிக்கூட வாசலில் எடுத்ததா என்று செயலி கேட்பதே இல்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. உச்ச வேகத்தையும் சாய்வுக் கோணத்தையும் பதிந்து காட்டும் வசதி உங்களில் வேறு பலரிடமும் இருக்கிறது. பட்டியல் போடுவது அடுத்த படி. ஒருவர் ஏறிவிட்டார், மற்றவர்கள் ஏறுவதற்கு அதிக காலம் ஆகாது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

டிராக்கில் பைக் ஓட்டக் கற்றுத்தருவது என் வேலை. எனக்கு வேகம் பிடிக்கும், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. நேர்பாதையின் கடைசியில் குறிப்பலகை வரும்வரை ஆக்சிலரேட்டரை விடாமல் இருந்து, பிறகு முன் பிரேக்கைச் சீராக அழுத்தும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும். டயர் தரையைக் கடித்துப் பிடிப்பது கைப்பிடி வழியாக விரலுக்கு வந்து சேரும். அப்புறம் உள்பக்கக் கைப்பிடியை லேசாகத் தள்ளினால் போதும், வண்டி சாய்ந்துகொள்ளும். வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும் என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் நம்புவதே இல்லை. ஒருமுறை செய்து பார்த்தபின் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வருவார்கள். கடன், அலுவலகம், வீட்டுச் சண்டை எதுவும் அந்த நேரத்தில் மண்டையில் இருக்காது. அடுத்த வளைவு மட்டும்தான் இருக்கும். இந்த ருசியைத் தெரிந்தவர்களிடம் போய் 'மெதுவாகப் போ' என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. எனக்கும் ஏறியதில்லை.

வேகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பழகிவிடும். முதல் நாள் 80இல் நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நாளில் அதே படபடப்புக்கு 110 தேவைப்படும், பிறகு 140. நெடுஞ்சாலையில் நெடுநேரம் 100இல் போய்விட்டு ஊருக்குள் நுழையும்போது 60 என்பது நடப்பது போலத் தெரியும். முள் 60இல் நிற்கும், உடம்பு 40 என்று நினைத்துக்கொண்டிருக்கும். இப்படிப் பழகிப்போகும் ஒன்றுக்குத்தான் நீங்கள் பட்டியல் போட்டு, முந்தியவன் பெயரையும் எழுதி, ராத்திரி பதினொரு மணிக்குக் கைபேசியைச் சிணுங்க வைக்கிறீர்கள்.

என்னிடம் கற்க வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கை. பிரேக்கை எப்போது விட வேண்டும் என்பது சிலருக்குச் சொல்லித்தராமலே வரும், அவனுக்கு வந்தது. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எதிலும் குறை வைக்க மாட்டான். இந்தப் புதிய பட்டியல் வந்த பிறகு இடைவேளைகளில் கைபேசியைக் காட்டத் தொடங்கினான். ஊரளவில் உச்ச வேகத்தில் நான்காம் இடம். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். புறவழிச் சாலை, நடுராத்திரி. 'அந்த நேரத்துல ஒரு ஈ காக்கா இருக்காது அண்ணா' என்றான். வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னேன். தலையாட்டினான். ஒருநாள் அவனுடைய நண்பன் ஒருவன் அவனைத் தாண்டிவிட்டான். அறிவிப்பு வந்தது. அன்றிரவே வண்டியை எடுத்திருக்கிறான்.

சாலையோரம் பின்விளக்கு எரியாத ஒரு சரக்கு வண்டி பாதி உடம்பைத் தார்ச்சாலையில் வைத்து நின்றிருந்தது. அதன் மூலையில் உரசி, தடுப்புக் கம்பிவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். உயிர் பிழைத்தது. தொடை எலும்பிலும் இடுப்பிலும் தகடு வைத்திருக்கிறார்கள், ஒரு மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பார்க்கப் போனபோது முதலில் சொன்னது இதுதான்: 'ரோடு காலியாத்தான் அண்ணா இருந்துச்சு.'

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாலை காலியாகத்தான் இருந்தது. எட்டிய தூரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறோம். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் 50 மீட்டர் தாண்டியிருப்போம். அதன்பிறகு நல்ல டயர், உலர்ந்த சாலை, பதறாத கை எல்லாம் அமைந்தாலும் வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 80 மீட்டர் வேண்டும். மொத்தம் 130. ஒரு சாதாரண முகப்பு விளக்கு லோ பீமில் தெளிவாகக் காட்டுவது இதில் பாதியைக்கூடத் தொடாது. 60இல் போயிருந்தால் அதே ஆள், அதே வண்டி, எல்லாம் சேர்த்து 45 மீட்டரில் நின்றிருக்கும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. உங்கள் பொறியாளர்கள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வாங்க வருபவனிடம் யாரும் சொல்வதில்லை.

என் வகுப்பில் நான் அதிகம் சொல்லும் கணக்கு வேறொன்று. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பைக்குகள், ஒன்று 100இல், மற்றது 120இல். ஒரே நொடியில் ஒரே தடையை இருவரும் பார்க்கிறார்கள், ஒரே திறமையோடு பிரேக் பிடிக்கிறார்கள். 100இல் வந்தவர் தடைக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120இல் வந்தவர் அந்த இடத்தை எந்த வேகத்தில் கடப்பார்? வகுப்பில் பெரும்பாலும் 20 என்பார்கள், விவரமானவர்கள் 30, 40 என்பார்கள். விடை 77. வெறும் 20 கி.மீ. வித்தியாசம், ஒருவர் நிற்கிறார், மற்றவர் 77இல் மோதுகிறார். காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். போட்டுப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். இந்த ஒரு கணக்கு உங்கள் விளம்பரம் எதிலாவது வந்திருக்கிறதா?

பையன் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் செயலியைத் திறந்து பார்த்தேன். அவன் பெயர் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது. மோதுவதற்குச் சற்று முன் தொட்ட வேகத்தை உங்கள் கருவி ஒழுங்காகப் பதிந்து, ஒழுங்காக அனுப்பி, ஒழுங்காகப் பட்டியலிலும் ஏற்றிவிட்டது. கூடவே ஒரு பதக்கச் சின்னம். நீக்கச் சொல்லி எழுதினேன். தனிப்பட்ட பதிவை மூன்றாம் நபர் சொல்லி நீக்க முடியாது என்றார்கள். ஆக, அந்தப் பெயர் கீழே இறங்க ஒரே வழி, இன்னொருவன் அதைவிட வேகமாகப் போவது.

அதே நிறுவனத்திடம் வசதியையே நிறுத்துங்கள் என்றும் கேட்டேன். செயலியை முதன்முறை திறக்கும்போதே 'மூடிய தடங்களில் மட்டும் பயன்படுத்தவும்' என்று எச்சரிக்கிறோம், 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் உள்ளே விடுகிறோம் என்று பதில் வந்தது. அந்த எச்சரிக்கையை வேலை மெனக்கெட்டுத் தேடிப் படித்தேன். முழுத் திரைக்கு நீளும் குட்டி எழுத்தில், புளூடூத் அனுமதிக்கும் தனியுரிமைக்கும் நடுவில் இருக்கிறது. உண்மையிலேயே டிராக்குக்கு மட்டும் என்றால் ஊர்வாரியாகப் பட்டியல் எதற்கு? எத்தனை ஊரில் டிராக் இருக்கிறது?

இந்த வழியில் ஒரு நிறுவனம் ஏற்கெனவே போய்த் திரும்பியிருக்கிறது. படம் எடுத்து அனுப்பும் ஸ்னாப்சாட் செயலியில் 2013 முதல் ஒரு வசதி இருந்தது. எடுக்கும் படத்தின்மேல் அப்போது போய்க்கொண்டிருக்கும் வேகத்தைப் போட்டுக் காட்டும். ஓட்டும்போது பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை அதிலும் இருந்தது. 2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று இளைஞர்கள் போன கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதி மூவரும் இறந்தார்கள். அதற்குச் சற்று முன் அவர்களில் ஒருவர் திறந்திருந்த அந்த வசதி காட்டிய வேகம் மணிக்கு 123 மைல், அதாவது ஏறக்குறைய 198 கி.மீ. இருவரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இந்த வசதியை வடிவமைத்ததற்காக நிறுவனத்தின்மேல் வழக்கு நடத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 மே மாதம் சொன்னது. அடுத்த மாதமே வசதியை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அவர்கள் வெறும் வேகத்தை மட்டும்தான் காட்டினார்கள். இடம் போட்டு வரிசைப்படுத்தவில்லை. நீங்கள் அவர்கள் கைவிட்ட இடத்திலிருந்து இன்னும் மேலே போகிறீர்கள்.

'டிராக்கில் இதைவிட வேகமாகப் போகிறீர்களே, அங்கே ஆபத்து இல்லையா?' என்று உங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவர் என்னிடமே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். டிராக்கில் விழுகிறோம், நிறையவே விழுகிறோம். மோட்டோ ஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரின் ஓட்டிகள் ஒரு பருவத்தில் எல்லாருமாகச் சேர்ந்து நூற்றுக்கணக்கான முறை விழுகிறார்கள். பெரும்பாலும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியைத் திட்டிக்கொண்டே நடந்து வருகிறார்கள். விழும்போது தலை தரையில் அடிக்கும் வேகம், வண்டி போன வேகம் இல்லை. கிட்டத்தட்ட தலை இருந்த உயரத்திலிருந்து கீழே விழும் வேகம்தான் அது. மீதி வேகமெல்லாம் சறுக்கிச் சறுக்கித் தேய்ந்து தீர வேண்டும். தீர்வதற்கு இடம் வேண்டும். டிராக்கில் அந்த இடத்தைத்தான் விலை கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். தடத்துக்கு வெளியே அகலமான வெற்றிடம், சரளைப் படுகை, காற்றடைத்த மெத்தைத் தடுப்பு, கொடி பிடிக்கும் ஆட்கள், தயாராக ஆம்புலன்ஸ். எதிரே வண்டி வராது. சாலையில் சறுக்கினால் நாலாவது மீட்டரில் விளக்குக் கம்பம் நிற்கும், தடுப்புக் கம்பியின் கால் நிற்கும், மரம் நிற்கும். ஐரோப்பியத் தரமான 22.05இன்படி ஹெல்மெட்டை மோதிச் சோதிக்கும் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கி.மீ. அதற்குப் பின் வந்த 22.06இல் ஏறக்குறைய 30 கி.மீ.வரை போகிறார்கள். தரையில் விழும் தலைக்கு அது பொருத்தமான கணக்கு. 100இல் கம்பத்தில் மோதும் தலைக்கு எந்த ஹெல்மெட்டும் கணக்குப் போடவில்லை.

பொதுச் சாலையை மூடிவிட்டால் மட்டும் போதுமா? பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் அதையும் செய்து பார்க்கிறார்கள். அங்கே டி.டி. என்ற பைக் பந்தயத்தின் மலைச்சுற்று ஏறக்குறைய 60 கி.மீ., முழுக்கச் சாதாரணச் சாலை. பந்தய நேரத்தில் போக்குவரத்து கிடையாது, ஓட்டிகள் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். 1911 முதல் அந்தச் சுற்றில் இறந்த ஓட்டிகள் 250க்கும் மேல். கற்சுவர்களும் வீடுகளும் ஓரத்தில் அப்படியே இருக்கின்றன, அவற்றை யாரும் மூட முடியாது. 1972இல் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி என்ற ஓட்டி அந்தப் பந்தயத்தில் இறந்தபின், அங்கே பலமுறை வென்ற ஜாகோமோ அகோஸ்டினியே இனி வரமாட்டேன் என்றார். 1976க்குப் பிறகு அது உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து போனது. சாலை எப்படிப்பட்டது என்று அகோஸ்டினிக்குத் தெரிந்திருந்தது, சொல்லும் தைரியமும் இருந்தது. இன்றும் அங்கே ஓட்டுபவர்கள் தெரிந்தே ஓட்டுகிறார்கள், அது அவர்கள் முடிவு. புறவழிச் சாலையில் பின்விளக்கு இல்லாமல் நின்ற வண்டியின் ஓட்டுநர் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. சாலையைக் கடப்பவரும் கொடுக்கவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடமும் பல நேரம் யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களுக்கு முதல் காரணம் இதுதான். உங்கள் பட்டியலில் ஏறத் துடிப்பவர்களின் வயதும் இதற்குள்தான் வருகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. ஓர் ஊரில் நூறு பேர் பட்டியலுக்காகக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி நிறுவனம் செய்கிறது, நாங்கள் மட்டும் எப்படி விடுவது என்பீர்கள். உங்கள் தொழிலிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1999இல் சுசூகியின் ஹயபூசா பைக் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டியது. இப்படியே போனால் அரசுகள் கைவைக்கும் என்ற பேச்சு ஐரோப்பாவில் எழுந்ததும், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி 300ஓடு நிறுத்திக்கொண்டன. எந்தச் சட்டமும் வரவில்லை. யாருடைய விற்பனையும் படுத்துவிடவில்லை. கார் பக்கம் வால்வோ 2020இல் தன் கார்களின் உச்ச வேகத்தை 180ஓடு நிறுத்தியது. டிராக்கையும் சாலையையும் கருவியால் பிரித்தறிய முடியாது என்ற சாக்கும் செல்லாது. ஜப்பானில் விற்ற நிசான் ஜிடி-ஆர் காரில் 180 என்ற வரம்பு இருந்தது. ஜிபிஎஸ் மூலம் கார் பந்தயத் தடத்துக்குள் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வரம்பைத் தூக்க முடியும். 2007இல் வந்த கார் அது. இன்று ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் கைபேசிக்கு அது பெரிய வித்தையா?

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். மலைப்பாதை, எதிரே யாருமில்லை, வளைவில் முழங்கால் தரையைத் தொடுகிறது, ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி 'தேர்ச்சி பெற்ற ஓட்டுநர், மூடிய சாலை'. எடுத்தவர்களுக்குச் சாலையை மூடிக்கொடுத்தார்கள். பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு யார் மூடிக்கொடுப்பது?

சரி, நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உச்ச வேகம், பூஜ்யம் முதல் நூறு, சாய்வுக் கோணம் ஆகிய மூன்று பட்டியல்களையும் பொதுச் சாலைக்கு உடனே நிறுத்துங்கள். 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம்' என்ற பதில் வேண்டாம், ஒரு சேவையகத்தில் ஒரு பொத்தானை அணைக்கும் வேலை இது. பந்தயத் தடத்தின் எல்லைக்குள் மட்டும் இயங்கும்படி செய்துவிட்டு மறுபடி கொடுங்கள், என் மாணவர்களை நானே பயன்படுத்தச் சொல்கிறேன். இதுவரை சாலையில் பதிவான எண்களை அழியுங்கள். விபத்தில் முடிந்த ஓட்டம் எதுவும் யாருடைய பட்டியலிலும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. வீட்டார் கேட்டால் நீக்க ஒரு வழி வையுங்கள்.

நூறைத் தொடும் நொடிகளை எங்கெல்லாம் அச்சிடுகிறீர்களோ, அங்கெல்லாம் அதே அளவு எழுத்தில் 60, 100, 120இலிருந்து நிற்கும் தூரத்தையும் போடுங்கள். சோதனைக்கூட ஓட்டுநரின் கைக்கு வந்த எண் வேண்டாம், சுதாரிக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்த எண் வேண்டும். ஷோரூமில் வண்டிக்குப் பக்கத்தில் அந்தத் தூரத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்ட முடியுமா என்றும் யோசியுங்கள். ஷோரூம் சுவரைத் தாண்டி வெளியே போகும் என்பது எனக்குத் தெரியும். வாங்க வருபவருக்கும் தெரியட்டும்.

பந்தயத் தோற்றத்தில் விற்கும் ஒவ்வொரு வண்டியின் விலையிலும் ஒரு நாள் டிராக் பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். விருப்பம் இருந்தால் வரலாம் என்று விட்டால் வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள், சாவியோடு சேர்த்துத் தேதியையும் கொடுங்கள். அவசரமாக நிறுத்துவது, கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும் என்பதை உணர்வது, இந்த இரண்டை மட்டும் அன்று சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும். ஏபிஎஸ், அதாவது அவசரமாக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி, இல்லாத மலிவு வடிவத்தை அதே பந்தய வண்ணத்தில் விற்பதையும் நிறுத்துங்கள்.

பொதுச் சாலையில் வேகத்தைக் காட்டும் விளம்பரங்களை எடுக்காதீர்கள். வேகத்தைக் காட்ட வேண்டுமா, டிராக்குக்கு வாருங்கள். இடம் இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

இதற்கான பதிலை எனக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுதி, உங்கள் செயலியைத் திறந்ததும் முதலில் வரும் திரையில் போடுங்கள்.

இப்படிக்கு,
டிராக்கில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் ஒருவர்